தொப்பியில் எடுத்த நான்கு ஸ்வரத்திலிருந்து முழு பியானோ இசை: எப்படி வாசிக்கிறார்கள்?

கோவை_கட்டை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. 2017-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி, ஆல்மா டாய்ச்சர் என்ற இங்கிலாந்துச் சிறுமியைப் பேட்டி கண்டது. அப்போது அவருக்கு 12 வயது. ஸ்வரங்களின் பெயர் எழுதிய சீட்டுகள் ஒரு தொப்பிக்குள். பேட்டி எடுத்தவர் நான்கு சீட்டு எடுத்தார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த நான்கையும் வைத்துப் பழைய வியன்னா பாணியில் ஒரு முழு இசையை அங்கேயே வாசித்தார்.

நான் ஆறு வருடம் பியானோ படித்தவன். ஐந்தாம் கிரேடு வரை தேர்வு எழுதியிருக்கிறேன். நொட்டேஷன் முன்னால் இருந்தால் வாசிப்பேன். போன ஞாயிறு என் மகளிடம் (8 வயது) பன்னிரண்டு சீட்டு எழுதிக் கொடுத்து நான்கு எடுக்கச் சொன்னேன். ஈ, சி, எஃப், பி வந்தது. வாசித்தேன். நான்காவது ஸ்வரம் முடிந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே நான்கைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

இவர்கள் மண்டைக்குள் என்ன நடக்கிறது? முழுப் பாட்டும் முன்னாலேயே கேட்டுவிடுகிறதா? பயிற்சியால் வருமா, வராதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராகமாலிகை_73 எழுதியது:

என் கருத்தில் இது பிறவிக் கொடை. பீத்தோவன் கதை கேட்டிருப்பீர்கள். 1800-ல் வியன்னாவில் ஒரு பிரபு வீட்டுக் கூடம். டேனியல் ஸ்டைபெல்ட் என்ற பியானோ கலைஞர் அலட்டலாக வாசித்துவிட்டு உட்கார்ந்தார். பீத்தோவன் எழுந்து போகும் வழியில் ஸ்டைபெல்ட் எழுதிய குவின்டெட்டின் (ஐந்து வாத்தியங்களுக்கான இசை) செல்லோ தாளை எடுத்தார், தலைகீழாகப் பியானோவில் வைத்தார், ஒரே விரலால் அதிலிருந்து சில ஸ்வரங்களைத் தட்டினார். அதை வைத்தே வாசிக்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஸ்டைபெல்ட் வெளியே போய்விட்டார். பிறகு பீத்தோவன் இருக்கும் இடத்துக்கே வரமாட்டேன் என்றாராம். இதையெல்லாம் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

சித்ரா_பியானோ எழுதியது:

கோவை தம்பி, உங்கள் கை நின்றதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் வலது கையை மட்டும் கேட்டீர்கள். நான்கு ஸ்வரத்தை ஒரு மெலடியாக நினைத்து, அடுத்த ஸ்வரம் என்ன என்று மெலடியிடமே கேட்டீர்கள். அதற்கு மெலடியிடம் பதில் கிடையாது. இடது கையிடம் கேட்டிருக்க வேண்டும்.

ராகமாலிகை சார், கொடை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இதை ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நான்கு இசைப் பள்ளிகள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் அனாதைச் சிறுவர்களுக்கான இல்லங்களாகத் தொடங்கியவை. கன்சர்வடோரியோ என்றால் காப்பகம். இன்று உலகம் முழுக்க இசைக் கல்லூரிக்கு வழங்கும் பெயர் அந்த இல்லங்களிலிருந்து வந்ததுதான். பையன்கள் பாடி, வாசித்துச் சம்பாதிக்க வேண்டும். அதனால் ஒரு தொழில் கற்றுக்கொடுப்பது போல, தச்சனுக்கு உளி பிடிக்கச் சொல்லித்தருவது போல, இசை சொல்லித்தந்தார்கள்.

1770-ல் சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேயர் அங்கே சான்ட் ஓனோஃப்ரியோ பள்ளியைப் பார்க்கப் போனார். ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்ஸிகார்டு (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்), ஒவ்வொன்றிலும் ஒரு பையன், ஒவ்வொருவனும் வேறு வேறு ஸ்கேலில் வேறு வேறு பாட்டு. கட்டில்தான் ஹார்ப்ஸிகார்டுக்கு நாற்காலி. அதைப் படித்த நாளிலிருந்து, என் மாணவர்கள் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் வாசிக்க முடியவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

அந்தப் பையன்களுக்குக் கொடுத்த பாடத்தின் பெயர் பார்ட்டிமெந்தோ. தாளில் ஒரே வரிதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் இடது கைக்கான பேஸ், அதாவது கீழ்க்குரல் வரி. மேலே என்ன வாசிப்பது என்பதைப் பையன் அந்த இடத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். துராந்தே, ஃபெனரோலி போன்ற ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். பெர்கொலேசி, பைசியெல்லோ, சிமரோசா எல்லாம் இந்தப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். ஆல்மா டாய்ச்சர் சின்ன வயதில் பழகியதும் இதே பார்ட்டிமெந்தோ வழியில்தான்.

முதல் பாடத்துக்குப் பெயர் எண்ம விதி. பேஸில் சி-யிலிருந்து மேல் சி வரை ஒவ்வொரு படியாக ஏறு. ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், தயாராக இருக்கும். சி-க்கு சி கார்ட். டி பேஸில் வந்தால் மேலே ஜி கார்டின் ஸ்வரங்கள். ஈ வந்தால் மறுபடி சி கார்ட். எஃப்-க்கு டி மைனர், அதோடு ஒரு சி சேரும். ஜி-க்கு ஜி. ஏ வந்தால் எஃப் கார்ட். பி வந்தால் ஜி செவன்த், அதாவது ஜி கார்டோடு ஒரு எஃப். பிறகு வீடு, அதாவது சி. இறங்கும்போது சில கார்ட் மாறும், அதை அப்புறம் பார்க்கலாம். இதை எல்லா ஸ்கேலிலும் யோசிக்காமல் கை வாசிக்கிற நிலை வரும்போது "அடுத்து என்ன" என்ற பயம் பாதி போய்விடும். எனக்கு அதற்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று.

உங்கள் நான்கு ஸ்வரத்துக்கு இன்று இரவு வருகிறேன். அது நல்ல சீட்டு.

வில்லிவாக்கம்_வயலின் எழுதியது:

நான் கர்நாடக சங்கீதக்காரன், இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சி-யை ஸட்ஜமாக வைத்தால் ஈ, சி, எஃப், பி என்பது க ஸ ம நி. நேரே சங்கராபரணம். எங்களிடம் இதைக் கொடுத்தால் "கா, ஸா, மா, நீ" என்று இழுத்து ஆலாபனை செய்துவிடுவோம். ஆனால் எங்களுக்கு ஸ்ருதி அசையாமல் நிற்கும், நாம் அதன் மேல் நடப்போம். சித்ரா அம்மா சொல்வதைப் பார்த்தால் அங்கே தரையே நடக்கிறது. கல்பனாஸ்வரம் பாடுகிறவன் எடுப்பில் (பாட்டு வரி தொடங்கும் இடம்) வந்து விழுவது போல இவர்களும் ஏதோ ஒரு இடத்தில் வந்து விழ வேண்டுமே. அது எங்கே?

சித்ரா_பியானோ எழுதியது:

சரியான கேள்வி. அவர்கள் வந்து விழும் இடத்துக்குக் கேடன்ஸ் என்று பெயர். பேஸ் ஈ, எஃப், ஜி, சி என்று நடந்து உட்காரும். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த நடைக்கு வந்துவிட்டால் கேட்பவருக்கு வாக்கியம் முடிந்தது தெரியும்.

இப்போது சீட்டு. க ஸ ம நி என்று எழுதியதும் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கோவை தம்பி, ஈ சி எஃப் பி என்பதை ஒரே ஆள் பேசுவதாகக் கேட்காதீர்கள். இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். மேலே இருப்பவர் ஈ-யிலிருந்து எஃப்-க்குப் போகிறார். கீழே இருப்பவர் சி-யிலிருந்து பி-க்கு இறங்குகிறார். இருவரும் ஒவ்வொரு அடி விலகிப் போயிருக்கிறார்கள். இப்போது இருவரும் திரும்ப வர வேண்டும் என்று காது கேட்கிறது. எஃப் ஈ-க்கு வர வேண்டும், பி சி-க்கு வர வேண்டும். நீங்கள் பி-யில் கை நிறுத்தியபோது மனசு தவித்திருக்கும். அந்தத் தவிப்பில்தான் அடுத்த வரி இருக்கிறது.

ஆக முதல் பார் (ஒரு தாளக் கட்டம்) ஈ சி, இடது கையில் சி கார்ட். இரண்டாவது பார் எஃப் பி, இடது கையில் ஜி. மூன்றாவது பார் எஃப் டி, இடது கை பேஸில் பி. நான்காவது பார் ஈ சி, பேஸில் சி. கேள்வியும் பதிலும் முடிந்தது. இடது கையைச் சும்மா கார்டாக அழுத்தாமல் சி ஜி ஈ ஜி, சி ஜி ஈ ஜி என்று உருட்டுங்கள். அதற்கு ஆல்பெர்ட்டி பேஸ் என்று பெயர். அதைச் சேர்த்ததும் உங்கள் மகள் திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்த நான்கு பாருக்கு ப்ரின்னர் என்ற ஒரு நடை. வலது கை ஏ, ஜி, எஃப், ஈ என்று இறங்கும். இடது கை எஃப், ஈ, டி, சி என்று கூடவே இறங்கும். அந்தக் காலத்து இசையில் தொடக்க வரிக்குப் பதில் சொல்ல இதை எத்தனையோ இடத்தில் கேட்கலாம். ப்ரின்னர் என்ற பெயர் பிற்காலத்தில் ராபர்ட் யெர்டிங்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்தது. நடை மட்டும் பழையது.

இப்போது நடுப்பகுதி. இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள், இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் நான்கு ஸ்வரத்தின் திரும்பும் பாதியை எடுங்கள்: எஃப் பி ஈ சி. அதை அப்படியே ஒரு படி தூக்கி டி மைனரில் வையுங்கள்: ஜி, சி ஷார்ப், எஃப், டி. இடது கையில் ஏ செவன்த், பிறகு டி மைனர். உடனே பழைய இடத்துக்கு இறக்குங்கள்: எஃப் பி ஈ சி, இடது கையில் ஜி செவன்த், பிறகு சி. முதலில் நிழல், பிறகு வெளிச்சம். இதற்கு 1755-ல் யோசஃப் ரீப்பல் என்பவர் வைத்த பெயர் ஃபோன்டே, ஊற்று என்று பொருள். நீர் மேலிருந்து கீழே வருவது போல. மேலே ஏற வேண்டும் என்றால் அதே உருவை எஃப்-ல் வைத்துவிட்டு ஜி-யில் வையுங்கள்: பி ஃப்ளாட், ஈ, ஏ, எஃப். பிறகு சி, எஃப் ஷார்ப், பி, ஜி. அதற்கு மோன்டே, மலை.

பிறகு முதல் எட்டு பார் மறுபடி, கேடன்ஸ், முடிந்தது. நான்கு சீட்டிலிருந்து ஒன்றரை நிமிட இசை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள் என்றீர்களே, முழுப் பாட்டையும் தன்னுள் கேட்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. எந்த ஸ்கேல், எந்த ஸ்வரம் யாரோடு பேசுகிறது, தொடக்கம் எந்த நடை என்று முடிவெடுத்திருப்பாள். மீதி கையில் இருக்கிறது.

ஜெபா_நாகர்கோவில் எழுதியது:

சித்ரா அக்கா எழுதியதைக் கீபோர்டில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நான் இருபது வருடமாக சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறேன். எனக்கு இந்தப் பெயர் ஒன்றும் தெரியாது, ஆனால் ஃபோன்டே நான் ஆயிரம் தடவை வாசித்திருக்கிறேன்!

எங்களுக்கு இது வாராவாரம் தேவை. காணிக்கை எடுத்து முடிய நேரம் ஆகும், பாமாலைப் பாட்டு தீர்ந்துவிடும். அமைதியாக விட முடியாது. அப்போது அந்தப் பாட்டின் முதல் நான்கு ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருப்பேன். எனக்குச் சொல்லித்தந்த பழைய ஆர்கனிஸ்ட் ஐயா ஒன்றுதான் சொன்னார்: "மேல ஆடு, பாடு, ஆனா காலு எங்க போகுதுன்னு தெரிஞ்சு வை." கால் என்று அவர் சொன்னது பெடல் பேஸை.

ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அதை மறந்தேன். அழகாக ஏதோ வாசித்து எஃப்-லிருந்து ஜி-க்குப் போய்விட்டேன், திரும்பி வரும் வழி பிடிபடவில்லை. பாடகர் குழு ஜி-யிலேயே ஆரம்பித்து, மூன்றாவது வரியில் சோப்ரானோ பெண்கள் எட்ட முடியாமல் நிறுத்திவிட்டார்கள். அன்று இரவு தூங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஸ்கேலுக்குப் போனாலும் வீட்டுக்கு வரும் பேஸை முதலில் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

நிழல்_நோட் எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. ப்ரின்னர், ஃபோன்டே, மோன்டே என்று அச்சு அச்சாக அடுக்குவதுதான் இம்ப்ரொவைசேஷன் (அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பது) என்றால், அதில் வாசிப்பவர் எங்கே? 1780-ல் பேசிய மொழியை இன்று எதற்குப் பேச வேண்டும்? ஜாஸ்காரர்கள் தங்கள் காலத்து இசையில்தான் தேடினார்கள். மேலும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் மாதிரி ஆட்கள் அச்சு வைத்துக்கொண்டா வாசித்தார்கள்? எந்த ஸ்வரம் கொடுத்தாலும் அவரால் முடிந்திருக்குமே.

ஆறுகுரல் எழுதியது:

பாக் பற்றி என்பதால் வருகிறேன்.

1747 மே மாதம் போட்ஸ்டாம் அரண்மனை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷிடம் சில்பர்மன் செய்த புதுவகை ஃபோர்ட்டெபியானோக்கள் (பியானோவின் ஆரம்ப வடிவம்) இருந்தன. பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் அங்கே வேலையில் இருந்தார். பயணக் களைப்போடு வந்த 62 வயது பாக்கை மன்னர் உடனே வாசிக்கச் சொன்னார். தானே ஒரு தீம் (மூல மெலடி) வாசித்துக் கொடுத்தார். சி மைனரில் கார்டின் ஸ்வரங்களாக ஏறி, பி-க்கு ஒரே தாவலாக விழுந்து, பிறகு அரை அரை ஸ்வரமாக இறங்கும் மிகக் கடினமான தீம். பாக் அதில் மூன்று குரல் ஃபியூக் (ஒரே தீமைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் இசை) ஒன்றை அங்கேயே வாசித்தார்.

அப்புறம் மன்னர் ஆறு குரலில் கேட்டார். பாக் அதையும் வாசித்தார், ஆனால் மன்னரின் தீமில் அல்ல. எல்லாத் தீமும் அவ்வளவு குரலைத் தாங்காது என்று தன் சொந்தத் தீம் ஒன்றை எடுத்துக்கொண்டார். இது 1802-ல் ஃபோர்க்கல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பின் மன்னரின் தீமுக்கே ஆறு குரல் எழுதி, அதோடு கேனன்களும் (ஒரு குரலை மற்றொன்று பின்தொடரும் இசை) ஒரு ட்ரியோ சொனாட்டாவும் சேர்த்து, இரண்டே மாதத்தில் "இசைக் காணிக்கை" என்ற பெயரில் அனுப்பினார். அதன் முன்னுரைக் கடிதத்தில், தயாரிப்பு இல்லாததால் அன்று அந்தத் தீமுக்குத் தகுந்தபடி அமையவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நிழல் நண்பரே, எந்த ஸ்வரம் என்பது பாக்குக்கும் முக்கியமாகத்தான் இருந்தது. ஒரு தீமைக் கேட்டதும் அதில் என்ன முடியும், என்ன முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் பெரிய வியப்பு.

ராகமாலிகை சார், ஸ்டைபெல்ட் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை எழுதியவர் பீத்தோவனின் மாணவர் ரீஸ், வெளிவந்தது 1838-ல். 38 வருடம் கழிந்த கதை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ராகமாலிகை_73 எழுதியது:

நன்றி, அந்த ஆண்டு எனக்குத் தெரியாது. பாக் முன்னுரை பற்றியும் இன்றுதான் அறிகிறேன். பிறவிக் கொடை என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன், முழுக்க விடவில்லை.

சித்ரா_பியானோ எழுதியது:

நிழல் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. நடைகளை மட்டும் அடுக்கினால் செத்த இசைதான் வரும், என் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரே ப்ரின்னரை இரண்டு பேர் வாசித்தால் இரண்டு முகம் தெரியும். ஒருவர் அந்த ஏ-யில் தயங்குவார், ஒருவர் ஓடிவிடுவார். பழைய மொழி எதற்கு என்றால், எனக்கு அந்த மொழியில் பேச ஆசை. அவ்வளவுதான். மொட்ஸார்ட்டை இருபது வருடம் வாசித்துவிட்டு, அவர் மொழியில் சொந்தமாக ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியவில்லை என்பது எனக்கு வலித்தது.

இந்தப் பழக்கம் ஏன் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீத்தோவனின் மாணவர் செர்னி 1829-ல் பியானோவில் கற்பனையாக வாசிப்பதற்கென்றே ஒரு முழுப் பாடநூல் எழுதினார். அதுவரை அது பியானோக்காரனின் சாதாரணத் திறமை. ஆனால் அதற்கு முன்பே பீத்தோவன் தன் ஐந்தாவது கான்செர்ட்டோவில், இங்கே சொந்தமாகக் கேடென்சா (வாசிப்பவர் தனியாகக் காட்டும் பகுதி) வாசிக்காதே, எழுதியதையே வாசி என்று குறிப்பு வைத்துவிட்டார். அச்சிட்ட தாள் பெருகியது, எழுதியவர் பெரியவர் ஆனார், வாசிப்பவர் அதைக் காப்பாற்றுகிறவர் ஆனார். அழியாமல் இருந்தது தேவாலய ஆர்கனில். ஜெபா, நீங்கள் வாசிப்பது அந்த அறுபடாத இழையில்தான். பியானோவில் இன்று ராபர்ட் லெவின், கப்ரியேலா மொன்டெரோ போன்றவர்கள் மேடையிலேயே ரசிகர்களிடம் தீம் வாங்கி வாசிக்கிறார்கள். அதுவே போதுமான மகிழ்ச்சி எனக்கு.

கோவை_கட்டை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தினமும் காலை இருபது நிமிடம் எண்ம விதி, சி, ஜி, எஃப் மூன்றில் மட்டும். ஈ சி எஃப் பி இப்போது முழுதாக வாசிக்கிறேன். ஆல்பெர்ட்டி பேஸ் சேர்த்ததும் மகள் உண்மையிலேயே ஓடிவந்தாள். "அப்பா, இது நான் எடுத்த சீட்டா?" என்று கேட்டாள். அதை எழுதத்தான் வந்தேன்.

ஆனால் நேற்று அவள் எடுத்தது: சி ஷார்ப், ஜி, பி ஃப்ளாட், ஈ. பயங்கரமாக இருக்கிறது, பேய்ப்படம் மாதிரி. எந்த ஸ்கேல் என்றே தெரியவில்லை. இந்த மாதிரி சீட்டு வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாமா?

சித்ரா_பியானோ எழுதியது:

மறுபடி எடுக்கச் சொல்லாதீர்கள்! நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒரே கார்ட். டிமினிஷ்டு செவன்த். சி ஷார்ப் டி-க்கு ஏற வேண்டும் என்கிறது, பி ஃப்ளாட் ஏ-க்கு இறங்க வேண்டும் என்கிறது, ஜி எஃப்-க்கு. எல்லாம் டி மைனரின் வாசலில் நிற்கிறது. அதனால் வீட்டில் ஆரம்பிக்காமல் வாசலில் ஆரம்பியுங்கள். நான்கு ஸ்வரத்தையும் மெதுவாக, தனித்தனியாக, இடது கை இல்லாமல். பிறகு ஒரு அமைதி. பிறகு டி மைனர் கார்ட், மெல்ல.

ஜெபா_நாகர்கோவில் எழுதியது:

அந்த அமைதியை நீளமாக விடுங்கள் தம்பி. நாம் நினைப்பதைவிட இரண்டு மடங்கு.

கோவை_கட்டை எழுதியது:

இப்போதுதான் வாசித்தேன். டி மைனர் வந்ததும் பேய் போய்விட்டது, மழை மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்து ஃபோன்டே போகலாமா?

சித்ரா_பியானோ எழுதியது:

போகலாம். ஆனால் இது மைனர். ஃபோன்டேயில் நிழல் முதலில் வர வேண்டும், வெளிச்சம் ஒரு படி கீழே. அதனால் ஜி மைனரில் தொடங்கி எஃப் மேஜருக்கு இறங்குங்கள். இடது கையில் டி செவன்த், ஜி மைனர், பிறகு சி செவன்த், எஃப். எஃப்-ல் கொஞ்சம் தங்குங்கள், அங்கே வெயில் அடிக்கும். பிறகு பேஸில் ஜி, ஏ, டி. அந்த ஏ மேல் உங்கள் சி ஷார்ப், ஜி, பி ஃப்ளாட், ஈ நான்கும் மறுபடி வரட்டும். ரெக்கார்ட் செய்து இங்கே போடுங்கள், கேட்கிறேன்.